பேர் மாத்துற சர்வீஸ் ரிவியூ: மாப்பிள்ளைக்கு அங்க கட்டமே இல்ல

காசு கட்டி ரெண்டு நிமிஷம்கூட ஆகல, முதல் மெயில் வந்துச்சு. "வாழ்த்துக்கள் மணப்பெண்ணே! உங்கள் புதிய வாழ்க்கை, புதிய பெயருடன்!" மேல ரோஜாப்பூ படம், அதுக்குக் கீழ என் பேரு. நானு ஆம்பளை, கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் முடிஞ்சிருச்சு, தாடி வேற இருக்கு. பொண்டாட்டிகிட்ட போனைக் காமிச்சேன், படிச்சுட்டு அவ வெட்கப்படுற மாதிரி நடிச்சுக் காட்டினா. சரி ஆரம்பமே அமர்க்களம்னு நினைச்சுக்கிட்டேன்.

இது கல்யாணத்துக்கு அப்புறம் சர்நேம் மாத்திக்கிறவங்களுக்கு உதவி பண்ற ஒரு ஆன்லைன் சர்வீஸ் பத்தின ரிவியூ. கம்பெனி பேரை சொல்லப்போறதில்ல, பேர் மாத்துற கம்பெனிக்கே பேர் சொல்லாம ரிவியூ எழுதுறவன் நான் ஒருத்தனாதான் இருப்பேன். ஆனா இந்த மாதிரி சர்வீஸ் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சுலதான் இருக்கு, வாங்கறதுக்கு முன்னாடி மூணு நாலு சைட்ட பாத்துட்டுதான் இதை எடுத்தேன், அதனால எதை வாங்கினாலும் இதுல சொல்றது உபயோகப்படும்னு நினைக்கிறேன். குறிப்பா நீங்க மாப்பிள்ளையா இருந்தா.

முதல்ல ஏன் மாத்தினேன்னு கேப்பீங்க, எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க, அதை சொல்லிட்டு சர்வீஸுக்கு வரேன். கல்யாணம் பண்ணப்ப ரெண்டு பேரும் அவங்கவங்க பேரோடயே இருந்தோம், பிரச்சனையே இல்ல. அவ அஞ்சு மாசம் இருக்கும்போது, பொறக்கப்போற புள்ளைக்கு என்ன சர்நேம்னு பேச்சு வந்துச்சு. வீட்ல மூணு பேருக்கும் ஒரே பேரா இருந்தா தேவலைன்னு ரெண்டு பேருக்கும் தோணுச்சு, அப்ப யாரு மாறுறது? ஒரு தாள் எடுத்து ரெண்டு பத்தியா கோடு போட்டு, மாத்தினா எதை எதையெல்லாம் திருத்தணும்னு எழுதினோம். அவ பக்கம் தாள் பத்தல. தொழில் லைசென்ஸ், அவ பேர்ல வந்த ஆய்வுக் கட்டுரைங்க, க்ளையண்ட் ஒப்பந்தம், எல்லாம் அந்தப் பேர்ல ஓடுது. என் பக்கம் ஏழு வரி. அதுவும் இல்லாம என்னோட பழைய சர்நேம் 13 எழுத்து, வாழ்க்கையில ஒருத்தன்கூட முதல் தடவையிலயே சரியா எழுதினதில்ல, அவளோடது 5 எழுத்து. இதுல காதலும் இல்ல புரட்சியும் இல்ல, ஏழு வரிதான் காரணம். இதை சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க, பின்னாடி என்னமோ இருக்குன்னு தோண்டிக்கிட்டே இருக்காங்க.

இப்ப சர்வீஸ். முக்கியமா ஒண்ணு புரிஞ்சுக்கணும், இவங்க உங்க பேரை மாத்த மாட்டாங்க. மாத்துறதுக்கு வேணுங்கிற காகிதத்தை நிரப்பித் தருவாங்க, அவ்வளவுதான். சைட்ல நாப்பது அம்பது கேள்வி கேப்பாங்க, பழைய பேரு, புதுப் பேரு, எந்தெந்த பேங்க், எந்த இன்சூரன்ஸ், பாஸ்போர்ட் இருக்கா, ஓட்டுநர் உரிமம் இருக்கான்னு. அதை வெச்சு எல்லா ஃபார்மையும் நிரப்பி பிடிஎஃப்பா அனுப்புவாங்க, ஃபார்ம் இல்லாத இடத்துக்கு லெட்டர் எழுதித் தருவாங்க, எது முதல்ல எது அப்புறம்னு ஒரு வரிசை தருவாங்க. கையெழுத்து போட்டு, க்யூல நின்னு, திட்டு வாங்குறதெல்லாம் நாமதான். "வீட்டிலிருந்தபடியே பெயர் மாற்றம்"னு விளம்பரத்துல இருக்கிறதை நம்பி வாங்கிட்டு ஏமாந்துட்டேன்னு புலம்புறவங்கள பாத்திருக்கேன், அது விளம்பரத்தோட தப்பு பாதி, படிக்காம காசு கட்டினவங்க தப்பு பாதி.

கேள்வித்தாள்லதான் முதல் சண்டை. மூணாவது கேள்வி, "திருமணத்திற்கு முன் உங்கள் பிறந்த வீட்டுப் பெயர்". சரி எனக்கும் பிறந்த வீடு இருக்கு, எழுதிட்டேன். நாலாவது, "கணவரின் குடும்பப் பெயர்". இங்க என்ன எழுதறது? நான்தான் கணவன். என் பேரை எழுதினா மூணாவதும் நாலாவதும் ஒண்ணா இருக்கு, "இரண்டு பெயர்களும் ஒரே மாதிரி உள்ளன, சரிபார்க்கவும்"னு சிவப்புல வருது. அவ பேரை எழுதினா அடுத்த பக்கம் போகுது, ஆனா அங்கேர்ந்து சிஸ்டத்தைப் பொறுத்தவரைக்கும் அவதான் என் புருஷன். சரி போகட்டும்னு அப்படியே விட்டுட்டேன். அதோட விளைவு கடைசியில வந்த பிடிஎஃப்ல தெரிஞ்சுது, பேங்க்குக்கு எழுதின லெட்டர்ல "எனது கணவர்"னு அவ பேரு அச்சாகி இருந்துச்சு. பதினொரு லெட்டர்ல பத்துல அப்படி. அத்தனையும் கையால அடிச்சு திருத்தி அனுப்ப முடியாதுல்ல, திரும்ப டைப் பண்ணேன். நிரப்பித் தர்றதுக்குத்தானய்யா காசு கொடுத்தேன்.

சாட்ல கேட்டேன். ஒரு பொண்ணு, ரொம்ப மரியாதையாதான் பேசுனாங்க, அதுல குறை சொல்ல மாட்டேன். "சார் உங்க மனைவிக்கு நீங்க ஃபில் பண்றீங்களா?" இல்லம்மா எனக்குதான். "ஓகே சார், உங்க மனைவியோட பிறந்த வீட்டுப் பேரு சொல்லுங்க." அம்மா, மனைவி மாறல, நான் மாறுறேன். கொஞ்ச நேரம் அந்த மூணு புள்ளி துள்ளிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் "ஒரு நிமிஷம் சார், சீனியர்கிட்ட கேக்குறேன்". சீனியர் வந்து, இந்த மாதிரி கேஸ் எங்களுக்கு வந்ததே இல்ல சார்னாரு.

அதை நான் நம்பல. எவ்ளோ அபூர்வம்னு தேடிப் பாத்தேன். அமெரிக்காவுல ப்யூ ரிசர்ச் சென்டர் 2023ல ஒரு சர்வே போட்டாங்க, ஆண் பெண் ஜோடியா கல்யாணம் ஆனவங்கள்ல பொண்ணுங்க 79 சதவீதம் பேர் கணவன் சர்நேம எடுத்திருக்காங்க, ஆம்பளைங்க 5 சதவீதம் பேர் மனைவியோடதை எடுத்திருக்காங்க, 92 சதவீதம் ஆம்பளைங்க அசையவே இல்ல. கணக்குப் போட்டா பதினாறு பொண்ணுங்களுக்கு ஒரு ஆம்பளை. கம்மிதான், ஆனா வந்ததே இல்லைன்னு சொல்ற அளவுக்கு கம்மி இல்ல. அந்த பதினேழாவது ஆளு நாலாவது கேள்வியிலயே கடுப்பாகி மூடிட்டுப் போயிருப்பான்னுதான் நினைக்கிறேன்.

இதைவிட பெரிய தப்பு ஒண்ணு இருக்கு, அதுக்குதான் நான் ஸ்டார் குறைச்சேன். கல்யாணத்தைப் பதிவு பண்ற ஃபார்ம்லயே புதுப் பேரு எழுத ஒரு கட்டம் பல இடங்கள்ல இருக்கும். நாங்க அதை அப்ப வெறுமனே விட்டுட்டோம். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு மனசு மாறினா? எங்க விஷயத்துல, அதே சர்ட்டிஃபிகேட்டை அவ கொண்டு போயிருந்தா அது ஒண்ணே போதும், வாங்கிக்கிறாங்க. நான் கொண்டு போனா கூடவே ஒரு உறுதிமொழிப் பத்திரமும் கேட்டாங்க. அதாவது நான் வாங்கவேண்டியது இவங்களோட கல்யாண பேக்கேஜ் இல்ல, பொதுவான பெயர் மாற்ற பேக்கேஜ். இதை எப்ப சொன்னாங்க தெரியுமா? முப்பத்திச் சொச்சமாவது கேள்வியில, காசு கட்டினதுக்கு அப்புறம். "உங்க சர்ட்டிஃபிகேட்ல புதுப் பேரு ஏற்கனவே இருக்கா?"ங்கிறது முதல் கேள்வியா இருக்கணும், காசுக்கு முன்னாடி இருக்கணும். ரீஃபண்ட் கேட்டதுக்கு ஃபார்ம் டவுன்லோட் பண்ணிட்டீங்க சார்னு சொல்லி பாதிதான் கொடுத்தாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை வேலை வெட்டி இல்லாம இவங்க டிராப்டவுன்ல இருக்கிற நாடுகளை ஒவ்வொண்ணா தட்டிப் பாத்தேன், ஏன்னா முகப்புல "எந்த நாடாக இருந்தாலும்"னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க. கலிஃபோர்னியாவுக்கு நல்லாவே எழுதியிருந்தாங்க. அங்க முன்னாடி பொண்ணுங்களுக்கு கல்யாண ஃபார்மே போதும், ஆம்பளை மாத்தணும்னா கோர்ட்டுக்குப் போகணும், பேப்பர்ல அறிவிப்பு கொடுக்கணும், தனியா கட்டணம். ஒரு தம்பதி 2006ல கேஸ் போட்டாங்க, 2007ல சட்டம் வந்துச்சு, 2009லேர்ந்து ரெண்டு பேருக்கும் ஒரே வழி. ஆனா கல்யாண லைசென்ஸ் வாங்கும்போதே எழுதியாகணும், அப்புறம் தோணுச்சுன்னா அந்த வழி கிடையாது, என்னை மாதிரி தூங்கினவங்க கோர்ட்டுக்குதான் போகணும். இதை இவங்க சரியா போட்டிருந்தாங்க, பாராட்டுறேன்.

கனடாவுல க்யூபெக்கைத் தட்டினா சந்தோஷமா பேக்கேஜ் விலை காமிக்குது. அங்க 1981லேர்ந்து கல்யாணம் ஆனாலும் ரெண்டு பேரும் பொறந்த பேரோடதான் இருக்கணும், கல்யாணத்தைக் காரணமா காட்டி சட்டப்படி சர்நேம் மாத்த முடியாது, அது பொண்ணா இருந்தாலும் சரி பையனா இருந்தாலும் சரி. அந்த ஆளுங்களுக்கு இவங்க என்னத்த விக்கிறாங்கன்னு தெரியல. தென்னாப்பிரிக்காவுக்கு இன்னும் "மனைவிகளுக்கு மட்டும்"னு இருக்கு. அங்க 1992ல வந்த சட்டம் பொண்ணுங்களுக்கு மட்டும்தான் கல்யாணத்தை வெச்சு சர்நேம் மாத்துற வசதி கொடுத்துச்சு, 2025 செப்டம்பர்ல அரசியல் சாசன கோர்ட்டு அது பாரபட்சம்னு தூக்கிப் போட்டு, சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு ரெண்டு வருஷம் டைம் கொடுத்திருக்கு. ஜெர்மனியில 1976 வரைக்கும் புருஷன் பேருதான் குடும்பப் பேரு, அதுக்கப்புறம் எது வேணா எடுக்கலாம் ஆனா ஒத்துவரலைன்னா புருஷனோடதுன்னு இருந்துச்சு, அந்த கடைசி வரியை 1991ல கோர்ட்டு அடிச்சிருச்சு, 2025 மே மாசத்துலேர்ந்து ரெண்டு பேருமே ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சுக்கலாம். சைட்ல அந்த மே மாசத்துக்கு முந்தின கதைதான் இருக்கு.

ஜப்பான் பக்கம்தான் எனக்கு ரொம்ப புடிச்சுது, பக்கத்துக்காக இல்ல, விஷயத்துக்காக. அங்க சிவில் சட்டம் 750ஆவது பிரிவுப்படி கல்யாணம் ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே சர்நேம் இருந்தே ஆகணும், யாரோடதுன்னு சட்டம் சொல்லல, ஆனா கிட்டத்தட்ட 95 சதவீதம் ஜோடியில பொண்ணுதான் மாறுது. தனித்தனியா வெச்சுக்க விடுங்கன்னு கேஸ் போட்டாங்க, 2015லயும் 2021லயும் உச்ச நீதிமன்றம் முடியாதுன்னுருச்சு. காகிதத்துல ரெண்டு பக்கமும் சமம், நடக்குறது ஒரு பக்கம்.

ஜப்பான்னு சொன்னதும் இன்னொண்ணு. பேர் மாத்தினது தெரிஞ்சதும் ஒரு சித்தப்பா போன் பண்ணி "என்னடா, வீட்டோட மாப்பிள்ளையா போயிட்டியா?"ன்னு ஒரு மாதிரி சிரிச்சாரு. சித்தப்பா, நீங்க ஓட்டுறது சுசூகி வண்டிதானேன்னேன். ஆமா. அந்தக் கம்பெனியை 1978லேர்ந்து பல வருஷம் தூக்கி நிறுத்தினவரு ஒசாமு சுசூகி, அவரு பொறக்கும்போது சுசூகி இல்ல, மட்சுடா. 1958ல கம்பெனி நிறுவனரோட பேத்தியைக் கட்டி அவங்க பேரை எடுத்துக்கிட்டாரு, அந்த ஊர்ல அதுக்கு முகோயோஷின்னு தனி வார்த்தையே இருக்கு, மருமகனைத் தத்து எடுக்கிறதுன்னு அர்த்தம். 94 வயசு வரைக்கும் இருந்தாரு, 2024 கடைசியிலதான் போனாரு. உங்க வண்டி முன்னாடி இருக்கிற அந்த எழுத்து அவரு பொண்டாட்டி வீட்டுப் பேரு சித்தப்பான்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்ல, அப்புறம் "சரி வண்டி நல்ல வண்டிதான்"னு வெச்சுட்டாரு.

சரி சர்வீஸுக்கு வரேன், எங்கயோ போயிட்டேன். இவங்க கொடுத்ததுலயே உருப்படியான விஷயம் நடுப்பேரு பத்தின ஒரு பக்கம். பழைய சர்நேம தூக்கி எறியாம நடுப்பேரா வெச்சுக்கலாம்னு ஐடியா கொடுத்தாங்க, மணப்பெண்களுக்குன்னுதான் எழுதியிருந்தாங்க, ஆனா எனக்கும் பொருந்துச்சு. அதுல ஒரு தெம்பு இருந்துச்சு, ஏன்னா அப்பா எதுவும் சொல்லல, ஆனா எதுவும் சொல்லாம இருந்ததே ஒரு மாதிரி இருந்துச்சு. நடுவுல உங்க பேரு இருக்குப்பான்னு சொன்னேன், "எழுத்துப் பிழை இல்லாம எழுதச் சொல்லு"ன்னாரு, அவ்வளவுதான். பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனான்கூட இதுல பாதியைப் பண்ணாரு, யோகோ ஓனோவைக் கட்டி ஒரு மாசம் கழிச்சு, 1969 ஏப்ரல்ல, நடுவுல ஓனோவைச் சேர்த்துக்கிட்டாரு, வின்ஸ்டன்ங்கிற நடுப்பேரை எடுக்கணும்னு ஆசைப்பட்டாரு ஆனா அதை எடுக்க விடல, ஆக ஒண்ணு கூடுச்சே ஒழிய குறையல.

நடுப்பேரோட அழகு பாஸ்போர்ட் கைக்கு வந்தப்பதான் தெரிஞ்சுது. போட்டோ பக்கத்துக்கு அடியில ரெண்டு வரி இருக்குமில்ல, மெஷின் படிக்கிறதுக்கு, ஒவ்வொரு வரியிலயும் 44 எழுத்து, உலகம் பூரா ஒரே அளவு. முதல் வரியில ஆரம்பத்துல அஞ்சு இடம் பாஸ்போர்ட் வகைக்கும் நாட்டுக் குறிக்கும் போயிரும், மிச்சம் 39 இடம் பேருக்கு. முதல்ல சர்நேம், அதுக்கப்புறம் அம்பு முனை மாதிரி ரெண்டு குறி, அப்புறம் மத்த பேரு, காலியா இருக்கிற இடத்துல எல்லாம் அதே அம்பு முனை. என் பழைய பாஸ்போர்ட்டையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு விரல் வெச்சு எண்ணிப் பாத்தேன். பழசுல 13 எழுத்து முன்னாடி, ரெண்டு முனை, 8 எழுத்து என் பேரு. புதுசுல 5 எழுத்து முன்னாடி, ரெண்டு முனை, என் 8, ஒரு முனை, அதுக்கப்புறம் அந்த 13ம் அப்படியே இருக்கு. பழைய பேரு எங்கயும் போகல, அந்த ரெண்டு முனைக்கு இந்தப் பக்கம் எடுத்து உக்கார வெச்சிருக்காங்க. மொத்தம் 29 இடம், மிச்சம் 10 அம்பு முனை.

ஆனா அந்த பாஸ்போர்ட் வர்றதுக்குள்ள ஒரு கூத்து நடந்துச்சு, அதுக்கு சர்வீஸும் ஒரு காரணம். இவங்க கொடுத்த வரிசையில "விமானப் பயண கணக்குகள்" பதினாலாவது இடத்துல இருக்கு, பேங்க், மின்சாரம், ஜிம் எல்லாத்துக்கும் அப்புறம். நான் வரிசையா போகாம, சும்மா இருக்கேனேன்னு அந்த மைல்ஸ் கணக்கை முதல்ல மாத்திட்டேன். அடுத்த வாரம் ஆபீஸ் வேலையா ஒரு பயணம், டிக்கெட்டை அந்தக் கணக்குலேர்ந்து போட்டாங்க, பேரு தானா புதுசா விழுந்துருச்சு, கையில இருக்கிறது பழைய பாஸ்போர்ட். கவுண்டர்ல இருந்தவரு பாஸ்போர்ட்டைப் பாக்குறாரு, டிக்கெட்டைப் பாக்குறாரு, என்னைப் பாக்குறாரு. கல்யாண சர்ட்டிஃபிகேட் போன்ல இருந்துச்சு, காமிச்சேன். "இது உங்க மனைவி பேரு சார்." ஆமா. "அப்ப டிக்கெட் உங்க மனைவிக்கா?" கடைசியில டிக்கெட்டை பழைய பேருக்கு மாத்திக் கொடுத்தாங்க, ஏறுறதுக்கு பதினஞ்சு நிமிஷம் முன்னாடி, நான் வேர்த்து ஊத்தி. பாஸ்போர்ட் கைக்கு வர்ற வரைக்கும் பயணம் சம்பந்தப்பட்ட எதையும் தொடாதீங்கன்னு பக்கத்து உச்சியில சிவப்புல போடவேண்டாமா? வரிசை போட்டவங்க அது ஏன் அந்த வரிசைன்னும் சொல்லணும், இல்லாட்டி என்னை மாதிரி அரைகுறைங்க மாத்திப் போட்டுருவோம்.

கவுண்டர்னா இன்னொரு கவுண்டர் கதை. உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க ஒரு ஆபீஸுக்குப் போனேன். இவங்க அச்சடிச்சுக் கொடுத்த ஃபார்ம், அதுல "தற்போதைய பெயர்", "மாற்ற விரும்பும் பெயர்"னு ரெண்டு கட்டம், சரியாதான் இருந்துச்சு. உள்ள இருந்த அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒரு தடவை படிச்சாங்க. பேனாவை எடுத்தாங்க. ஒரு கட்டத்துலேர்ந்து இன்னொரு கட்டத்துக்கு வளைவா ஒரு அம்பு, அங்கேர்ந்து இங்க ஒரு அம்பு, பக்கத்துல சின்னதா ஒரு கையெழுத்து. "தம்பி, ரெண்டையும் மாத்தி எழுதிட்டீங்க, நானே சரி பண்ணிட்டேன்"னு சிரிச்சுக்கிட்டே சீல எடுத்தாங்க. அம்மா அம்மா இருங்க, சரியாத்தான் எழுதியிருக்கேன்னு கையை நீட்டிட்டேன், சீல் என் விரல்மேலதான் விழுந்திருக்கும். விஷயத்தைச் சொன்னதும் அவங்க கோபப்படல, புது ஃபார்ம் கொடுத்து, "எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லணும்"னு மட்டும் சொன்னாங்க. உதவி பண்றேன்னுதான் அந்த அம்பு போட்டாங்க, அதனால கோபமும் பட முடியல.

பேங்க் லெட்டருங்க, மேல சொன்ன "கணவர்" கூத்தை விட்டா, நல்லா இருந்துச்சு. எந்தக் கணக்கு, என்ன ஆதாரம் இணைச்சிருக்கு, கையெழுத்து மாதிரி மாறுது, செக் புக் புதுசு வேணும், கார்டு புதுசு வேணும், எல்லாம் ஒரே பக்கத்துல. நானா எழுதியிருந்தா கையெழுத்து மாதிரியை மறந்திருப்பேன். கையெழுத்துன்னதும் சொல்றேன், இருபது வருஷமா ஒரு கிறுக்கல் போட்ட கைக்கு புது கிறுக்கல் வரமாட்டேங்குது. அவ கையெழுத்தைப் பாத்து கடைசி அஞ்சு எழுத்தை காப்பி அடிக்கப் பாத்தேன், "அது ஃபோர்ஜரி"ன்னா. ராத்திரி சாப்பாட்டு மேஜையில பழைய பேப்பர்ல ஒரு அம்பது தடவை எழுதிப் பாத்து ஒண்ணு தேறுச்சு. ஒரு பேங்க்ல போட்டது அடுத்த பேங்க்ல போட்டதோட ஒத்துப்போகலைன்னு திருப்பி அனுப்பினாங்க. ஃபார்ம் எல்லாத்தையும் ஒரே உக்காருல கையெழுத்து போட்டு முடிச்சிருங்க, நாளுக்கு ஒண்ணா போட்டா கை மாறிரும்.

இவங்க லிஸ்ட்ல சுத்தமா இல்லாதது படிப்பு சர்ட்டிஃபிகேட். அதை மாத்தலாமா கூடாதாங்கிறதே எழுதல. நான் மாத்தல, பழைய பேர்லயே இருக்கு, கூட பத்திரத்தோட நகல் ஒண்ணை பின் பண்ணி வெச்சிருக்கேன், எங்க கேட்டாலும் ரெண்டையும் சேர்த்தே நீட்டுறேன், இதுவரைக்கும் யாரும் திருப்பல. அதனால பத்திரத்துக்கு சான்றொப்பம் வாங்கின நகல் குறைஞ்சது அஞ்சு எடுத்துக்கோங்க, நான் ரெண்டு எடுத்துட்டு திரும்ப ஒரு தடவை அலைஞ்சேன். ஆபீஸ் லாகின், ஈமெயில் இதெல்லாமும் லிஸ்ட்ல இல்ல. பழைய ஈமெயிலை மூடாம புதுசுக்கு ஃபார்வர்ட் போடச் சொல்லுங்க. ஆபீஸ்ல பேரு மாறினதைப் பாத்துட்டு ஒருத்தர் தனியா கூப்ட்டு, "ஏதாவது போலீஸ் பிரச்சனையா?"ன்னு மெதுவா கேட்டாரு. இதுவே ஒரு பொண்ணுக்கு பேரு மாறியிருந்தா கேக் வெட்டியிருப்பாங்க.

ஒரு சின்ன விஷயம், சர்வீஸோட சம்பந்தமில்ல, ஆனா சொல்லாம இருக்க முடியல. பேங்க்ல பாதுகாப்புக் கேள்வின்னு ஒண்ணு வெப்பாங்கல்ல, "உங்க அம்மாவோட கல்யாணத்துக்கு முந்தின சர்நேம் என்ன?" அம்மா எப்படியும் மாறியிருப்பாங்க, பழைய பேரு வெளிய யாருக்கும் தெரியாதுங்கிற தைரியத்துலதான் அந்தக் கேள்வியே. எங்க பொண்ணு வளர்ந்து கணக்கு ஆரம்பிக்கும்போது அவகிட்ட இதைக் கேட்டா, பதில் அவ பேரோட கடைசியிலயே அச்சடிச்சு இருக்கும். இப்பவே அவளுக்கு சொல்லிவெக்கணும், அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்காதம்மான்னு.

பொண்ணுன்னு சொல்லிட்டேன்ல, ஆமா, பொறந்தாச்சு, பேப்பர் வேலை முடிஞ்சு பதினொரு நாள்ல. பிறப்புப் பதிவு ஃபார்ம் நாலு நிமிஷம், மூணு இடத்துல ஒரே சர்நேம், எழுதினவரு தலை நிமிரவே இல்ல. அத்தனை அலைச்சலும் அந்த நாலு நிமிஷத்துக்குதான்.

ஆக 5க்கு 3. பேப்பர் வேலைக்கு 4 கொடுப்பேன், அந்த முப்பத்திச் சொச்சமாவது கேள்விக்கு ஒண்ணு குறைச்சுட்டேன். மணப்பெண்ணே மெயிலுக்கு குறைக்கல, அது எங்க வீட்ல இன்னும் ஓடுது, குப்பை கொட்ட மறந்தா "மணப்பெண்ணே..."ன்னு ஒரு குரல் வரும். பொண்ணா இருந்து, கல்யாண ஃபார்ம்லயே புதுப் பேரு எழுதியிருந்தா தாராளமா வாங்கலாம், ரெண்டு நாள் வேலை மிச்சம். பேங்க் கணக்கு ஒண்ணே ஒண்ணு, பாஸ்போர்ட் இல்லைன்னா வேண்டாம், நாமே பண்ணிரலாம். ஆம்பளையா இருந்தா, லெட்டர் மாதிரிக்காகவும் வரிசைக்காகவும் வாங்கலாம், ஆனா காசு கட்டுறதுக்கு முன்னாடி சாட்ல போய் "நான்தான் மாறுறேன், என் சர்ட்டிஃபிகேட்ல புதுப் பேரு இல்ல, எந்த பேக்கேஜ்?"னு கேட்டு, பதிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. நாலாவது கேள்வியில மனைவி பேரைப் போடுங்க, அச்சாகி வர்றதுல "கணவர்"ங்கிற வார்த்தையை மட்டும் தேடித் தேடி மாத்துங்க.

போன வாரம் இவங்ககிட்டேர்ந்து இன்னொரு மெயில். எங்கள் சேவை பற்றி நாலு வரி எழுதுங்கள், உங்கள் அடுத்த பெயர் மாற்றத்துக்கு இருபது சதவீதம் தள்ளுபடின்னு. அடுத்த பெயர் மாற்றமா? கூப்பன் அஞ்சு வருஷத்துக்கு செல்லுமாம். அவகிட்ட காமிச்சேன். படிச்சுப் பாத்துட்டு, "பத்திரமா எடுத்து வை"ன்னுட்டு புள்ளையைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா.